சேதாரம் குறைவு, விரயம் அதிகம்: சிறு பட்டறைகளில் லீன் மேப் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையின் லேத் பட்டறையாகட்டும், கல்லிடைக்குறிச்சி அப்பளக் கூடமாகட்டும், சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடமாகட்டும், லீன், அதாவது விரயத்தைக் குறைத்து வேலையை நடத்தும் முறை, என்று பேச்செடுத்தால் இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறோம். கணக்குகளுக்கெல்லாம் ஒரே எடுத்துக்காட்டுத்தான்: நாளொன்றுக்கு 60 கிலோ அப்பளம், அதாவது 200 கிராம் பாக்கெட் 300, அனுப்பும் ஒரு கூடம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. உங்கள் கூடத்தின் எண்களை நீங்கள்தான் அளந்து எடுக்க வேண்டும்.

அண்ணாச்சி, எங்ககிட்ட சேதாரம் நூத்துக்கு ரெண்டுகூட இல்ல. பொறவு என்ன விரயம் இருக்கு?

சேதாரம் என்பது கண்ணில் படும் விரயம். உடைந்த அப்பளம், வெட்டியதில் மிஞ்சிய தகடு, குப்பைக்குப் போகும் நூல் எல்லாம் இதில் அடங்கும். டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ விரயத்தை ஏழாகப் பிரித்தார். சேதாரமும் திரும்பச் செய்யும் வேலையும் சேர்ந்து அதில் ஒன்றுதான். மற்ற ஆறு: தேவைக்கு முன்போ தேவைக்கு மேலோ செய்து குவிப்பது, காத்திருப்பது, சரக்கை இங்குமங்கும் சுமப்பது, வாங்குபவர் கேட்காத வேலையைச் செய்வது, தேங்கிக் கிடக்கும் சரக்கு, ஆள் வீணாக நடப்பதும் குனிவதும் தேடுவதும்.

ஏழிலும் மோசமானது தேவைக்கு மேல் செய்து குவிப்பது என்றார் ஓனோ. மற்ற ஆறையும் அது கூட்டி வரும். குவித்தால் வைக்க இடம் வேண்டும், தூக்கிப் போக ஆள் வேண்டும், கெடாமல் பார்க்க வேண்டும். அதற்குள் முதலும் முடங்கிவிடும். எல்லாரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பதால் இது விரயமாகவே தோன்றாது. மேப் போடச் சொல்வது அதற்காகத்தான்.

மேப்னா என்னது? பில்டிங் பிளான் மாதிரி மெஷின் எங்க இருக்குன்னு வரையுறதா?

இல்லை. மெஷின் இருக்கும் இடத்தைக் காட்டுவது லேஅவுட். இந்த மேப் ஒரு சரக்கின் பயணத்தைக் காட்டுவது. மாவு மூட்டையாக உள்ளே வந்ததிலிருந்து பாக்கெட்டாக லாரி ஏறும்வரை எங்கெங்கே வேலை நடக்கிறது, எங்கெங்கே சும்மா கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று ஒரே தாளில் வர வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதை வேல்யூ ஸ்ட்ரீம் மேப் என்பார்கள்.

பொருள் போகும் பாதை படத்தின் கீழ்ப்பாதியில் இடமிருந்து வலமாக வரும். ஆர்டர் யாரிடம் வருகிறது, இன்று எதைச் செய்யச் சொல்லி யார் யாரிடம் சொல்கிறார் என்ற தகவல் பாதை மேல்பாதியில் வலமிருந்து இடமாக வரும். பலர் கீழ்ப்பாதியை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சரக்கு தேங்குவதற்கான காரணம் பெரும்பாலும் மேல்பாதியில்தான் இருக்கும்.

எங்ககிட்ட நாப்பது வகைச் சரக்கு இருக்கு. எல்லாத்துக்கும் வரையணுமா?

வேண்டாம். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் சரக்குகளின் பெயர், மேலே வேலைகளின் பெயர். எந்தச் சரக்கு எந்த வேலை வழியாகப் போகிறதோ அங்கே ஒரு புள்ளி. ஒரே மாதிரிப் புள்ளி விழும் சரக்குகள் ஒரு குடும்பம். உளுந்தப்பளமும் மிளகப்பளமும் ஒரே குடும்பத்தில் வரும், வடகம் வேறு குடும்பம். அதிகம் விற்கும் குடும்பத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுக்குக் கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் எல்லாம் வேணுமா? எப்படித் தொடங்கணும்?

ஏ3 தாள், பென்சில், அழிரப்பர், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் இவை போதும். பென்சில் அவசியம், ஏனென்றால் முதல் படம் தவறாகத்தான் வரும்.

லாரி நிற்கும் வாசலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடங்கள். பேக்கிங், காய வைக்கும் இடம், அப்பளம் அழுத்தும் மெஷின், உருண்டை வெட்டுவது, மாவு பிசைவது, மாவு ஸ்டோர் என்று வர வேண்டும். வாங்குபவர் பக்கமிருந்து வந்தால், “இதற்கு முன்னால் எங்கே கிடந்தது, எத்தனை நாளாகக் கிடந்தது?” என்ற கேள்வி ஒவ்வொரு இடத்திலும் தானாக எழும். மாவிலிருந்து தொடங்கினால் உங்கள் கண் மெஷினிலேயே நின்றுவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி வரைந்து, ஒரு பாக்கெட்டுக்கான வேலை நேரம், ஆட்கள் எண்ணிக்கை, வகை மாற்றும்போது ஆகும் நேரம், ஒரு நாளில் மெஷின் உண்மையில் ஓடும் நேரம், நூற்றுக்கு எத்தனை பழுது ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு முக்கோணம் போட்டு, அங்கே கிடக்கும் சரக்கை அப்போதே எண்ணி எழுதுங்கள். ஆபீஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதாதீர்கள். ரெஜிஸ்டரில் இருப்பது இருக்க வேண்டிய சரக்கு. தரையில் கிடப்பதுதான் இருக்கிற சரக்கு. சூப்பர்வைசரை அறைக்குள் உட்கார வைத்துக் கேட்டு வரைந்த மேப்பும் இதே மாதிரிதான், நடக்க வேண்டியதைத்தான் காட்டும்.

ஸ்டாப்வாட்ச்சப் புடிச்சுக்கிட்டு நின்னா ஆளுக சங்கடப்படுதாவ, இல்லன்னா வேகத்தக் கூட்டிருதாவ. எத்தன தடவ அளக்கணும்?

அளக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “வேலையை அளக்கிறோம், ஆளை இல்லை. பெயர் எழுத மாட்டோம்.” சொன்னபடி பெயர் எழுதாமலும் இருங்கள். முடிந்தால் வாட்சை அவர்கள் கையிலேயே கொடுத்து, பக்கத்து ஆள் அளக்கட்டும்.

பத்துத் தடவை அளந்து பத்தையும் எழுதுங்கள். மிகக் குறைந்த ஒற்றை எண் தற்செயலாக இருக்கலாம், அதை விடுங்கள். மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப வரும் குறைந்த நேரம்தான் வேலை நேரம். சராசரி எடுத்தால் தொல்லைகளும் அதற்குள் கலந்து மறைந்துவிடும். 4 நொடி, 4 நொடி, 5 நொடி என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 19 நொடி ஆனால், அந்தப் 19க்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: உருண்டை ஒட்டிக்கொண்டது, தட்டு நிறைந்து மாற்றப் போனார் என்று. பின்னால் சரிசெய்யப் போவது இந்தக் காரணங்களைத்தான்.

டாக்ட் டைம், டாக்ட் டைம்னு சொல்லுதாங்களே, அத எப்படிக் கணக்குப் போடணும்?

டாக்ட் என்பது தாளம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரின் தாளத்துக்கு மற்றவர்கள் சேர்ந்து போவது போல, வாங்குபவர் கேட்கும் தாளத்துக்குக் கூடம் முழுவதும் சேர்ந்து போக வேண்டும்.

காலை 9 முதல் மாலை 5.30 வரை 510 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு தேநீருக்கு 15 வீதம் 30 என 60ஐக் கழித்தால் 450 நிமிடம். தேவை 300 பாக்கெட். 450ஐ 300ஆல் வகுத்தால் ஒன்றரை நிமிடம், அதாவது 90 நொடிக்கு ஒரு பாக்கெட். இப்போது ஒவ்வொரு பெட்டியையும் இந்த 90 நொடியோடு ஒப்பிடுங்கள். பாக்கெட்டுக்கு 40 அப்பளம், ஒன்றை அழுத்த 4 நொடி என்றால் ஒரு மெஷினில் 160 நொடி ஆகும், தாங்காது. இரண்டு மெஷின் ஓடினால் 80 நொடி, தாங்கும். எடை போட்டு ஒட்டும் பேக்கிங்குக்கு ஒருவருக்கு 50 நொடி. அவருக்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 40 நொடி மிச்சம்.

தேவைக்கு நேற்றைய ஒரு நாள் ஆர்டரை எடுக்காதீர்கள். மூன்று மாத விற்பனையை வேலை நாட்களால் வகுத்து எடுங்கள். ஆடி மாதச் சராசரியைத் தீபாவளி மாதத்துக்குப் போட்டால் கணக்கு பொய்த்துவிடும். சீசனுக்குத் தனித் தாளம் வேண்டும்.

முக்கோணத்துல கிலோவா எழுதிட்டோம். அது எப்படி நாளாகும்?

கிடக்கும் சரக்கை ஒரு நாள் தேவையால் வகுத்தால் நாள் வந்துவிடும். நாளுக்கு 50 கிலோ மாவு செலவாகும் கூடத்தில் 600 கிலோ மாவு இருந்தால் 12 நாள். பிசைந்ததும் வெட்டியதும் அரை நாள். அழுத்தியபின் காயக் காத்திருப்பது அரை நாள். காய்ந்து டின்னில் இருப்பது 180 கிலோ, 3 நாள். பேக் செய்து கிடப்பது 480 கிலோ, 8 நாள். மொத்தம் 24 நாள்.

வேலையைக் கூட்டுங்கள். பிசைவது அரை மணி, மாவு ஊறுவது ஒரு மணி, அழுத்துவது நொடிக் கணக்கு, வெயில் நன்றாக இருந்தால் காய்வது ஒன்றரை மணி, பேக்கிங் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எல்லாம் சேர்த்தால் சுமார் 3 மணி நேரம். நாளுக்கு ஏழரை மணி வீதம் 24 நாள் என்பது 180 மணி நேரம். 180 மணி நேரம் உள்ளே கிடக்கும் சரக்குக்கு 3 மணி நேரம்தான் வேலை நடக்கிறது. மெஷினை இரட்டிப்பு வேகத்தில் ஓட்டினாலும் இந்தக் கணக்கு அசையாது.

காயப்போடுறதும் ஊற வைக்கிறதும் சும்மா கெடக்கிறதுதானே? அதும் விரயமா?

அந்த நேரத்தில் சரக்கு மாறுகிறதா என்று பாருங்கள். ஈரம் இறங்கிக்கொண்டிருக்கும்வரை அது வேலை. போதுமான அளவு காய்ந்தபின்னும் எடுக்க ஆள் வராமல் கிடந்தால், அந்த மிச்ச நேரம் விரயம். அப்பளத்தில் அது இரட்டை விரயம். கூடுதலாகக் காய்ந்த அப்பளம் அடுக்கும்போது நொறுங்கும். ஈரம் இருக்கும்போதே எடுத்தால் பாக்கெட்டுக்குள் பூஞ்சை பிடித்துத் திரும்பி வரும்.

காருகுறிச்சி மண்பாண்டம் நிழலில் காய்வதும், பெயின்ட் அடித்த கிரில் காய்வதும் இப்படித்தான். மேப்பில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: காயத் தேவையான நேரம், காய்ந்தபின் கிடந்த நேரம்.

மேப் முடிஞ்சிட்டு. மொதல்ல எதத் தொடணும்?

இரண்டாவது தாள் எடுத்து, மூன்று மாதம் கழித்து இந்த ஓட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையுங்கள். பழைய படத்தில் நாள் அதிகமாக இருக்கும் முக்கோணத்தில் கை வைக்க வேண்டும். நம் கூடத்தில் அது மாவு ஸ்டோரும் பேக்கிங் செய்த சரக்கும். ஆனால் பேக் செய்த 8 நாள் சரக்கை ஒரேயடியாகக் குறைக்க முடியாது. அது அங்கே கிடக்கக் காரணம், காய்ந்த அப்பளம் எப்போது கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லாததுதான். ஆகவே முதலில் நடுவில் இருக்கும் டின்களைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு டின் 10 கிலோ என்றால் 6 டின் ஒரு நாள். 8 டின்னுக்கு மட்டும் மஞ்சள் பட்டை ஒட்டி, தரையில் 8 கட்டம் வரையுங்கள். காய்ந்த அப்பளம் இந்த எட்டில்தான் போக வேண்டும். எட்டும் நிறைந்தால் அழுத்தும் மெஷின் நிற்கும், அங்கிருப்பவர்கள் பேக்கிங்குக்குப் போவார்கள். டின் காலியாகித் திரும்பினால்தான் மெஷின் ஓடும். காலி டின்தான் இங்கே கான்பான், அதாவது ‘அடுத்ததைச் செய்’ என்று முந்தைய வேலைக்குச் சொல்லும் அடையாளம். தனியாக அட்டை தேவையில்லை. முதலில் நிறைந்த டின் முதலில் போக, தேதியைச் சாக்பீஸில் எழுதுங்கள்.

இதில் தரத்துக்கும் லாபம் உண்டு. ஒரு நாள் அப்பளக்காரம் கூடிப்போய், தெரியாமல் அப்படியே தொடர்ந்தால், 3 நாள் டின் இருக்கும் கூடத்தில் அது பேக்கிங்கில்தான் தெரியும், அதற்குள் 180 கிலோ வீணாகியிருக்கும். 8 டின் கூடத்தில் மறுநாளே தெரிந்துவிடும்.

நடு நிலைத்ததும் பேக் செய்த சரக்கை 8 நாளிலிருந்து 3 நாளுக்கு, வாரம் ஒரு நாள் வீதம் இறக்குங்கள். மாவை வாரத்துக்கு இரண்டு தடவையாக வரவழைத்தால் 4 நாள் இருப்புப் போதும். 24 நாள் சுமார் ஒன்பது நாளாகும். கிலோவுக்கு 200 ரூபாய் அடக்கம் என்று வைத்தால், பேக்கிங் சரக்கில் மட்டும் 5 நாள், 300 கிலோ, 60,000 ரூபாய் கைக்குத் திரும்பும்.

கரண்டு கட்டு, ஐப்பசி மழ, இதெல்லாம் இருக்கும்போது ஸ்டாக்கக் கொறைக்கச் சொல்லுதீங்களே?

நியாயமான கேள்வி. காரணம் தெரிந்து, அளவு வைத்து வைக்கும் இருப்பு பாதுகாப்பு. காரணம் தெரியாமல் சேர்ந்ததைத்தான் குறைக்கச் சொல்கிறோம்.

ஒரு மணி நேரம் கரண்டு போனால் 390 நிமிடம்தான் மிஞ்சும். மேலே சொன்ன 80 நொடியில் 292 பாக்கெட் வரும், 8தான் குறையும். இதற்கென்று இருப்பு வேண்டாம், தேநீருக்குப் பின் கொஞ்சம் ஓட்டினால் சரியாகும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே தெரியும். அதற்கு மட்டும் 6 டின் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் வெயில் வராமல் போகலாம். புரட்டாசிக் கடைசியில் மஞ்சள் டின்னை 8லிருந்து 24 ஆக்கி, தை பிறந்ததும் திரும்ப 8 ஆக்குங்கள். அந்த நாளைக் காலண்டரில் குறித்து வைக்காவிட்டால் 24 அப்படியே நின்றுவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழையில் சாலையும் ரயிலும் நின்றபோது வெளியூர் மூலப்பொருளை நம்பியிருந்தவர்களுக்குச் சிரமம் வந்தது. அதே வெள்ளத்தில் தரையோடு அடுக்கியிருந்த சரக்கு நனைந்தும் போனது. இரண்டையும் எண்ணித்தான் இருப்பை முடிவு செய்ய வேண்டும்.

வக மாத்துறதுக்கே நேரம் போயிருது. அதனாலதான் ஒரே வகைய மொத்தமா ஓட்டுதோம். தப்பா?

மாற்றும் நேரம் அதிகமாக இருக்கும்வரை அது தவிர்க்க முடியாதது. ஆகவே மாற்றும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ சொன்ன வழி எளிது. மாற்றும் வேலையை முழுவதும் செல்போனில் வீடியோ எடுங்கள். மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்கிற வேலை எது, மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடியது எது என்று பிரியுங்கள்.

பிரஸ் மெஷினில் டை (அச்சு) மாற்றும் வீடியோவைப் பார்த்தால் ஸ்பேனர் தேடுவது, போல்ட் நீளம் பொருந்தாமல் மாற்றுவது, அடுத்த டையை ரேக்கிலிருந்து தூக்கி வருவது, முதல் பீஸைச் சரிபார்க்க ஆளைக் கூப்பிடுவது என்றே நேரம் ஓடும். இவை அத்தனையும் முன்பே செய்யலாம். எல்லா டைக்கும் ஒரே அளவு போல்ட், பக்கத்திலேயே தள்ளுவண்டியில் அடுத்த டை. விசைத்தறியில் பாவு தீரும்வரை காத்திராமல் அடுத்த பாவையும் (நீளவாட்டு நூல்) தாரையும் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) தயாராக வைத்திருப்பது இதே வேலைதான். மிச்சப்படும் நேரத்தை அதிகமாக ஓட்டச் செலவிடாதீர்கள். சின்னச் சின்ன அளவாக அடிக்கடி மாற்றுங்கள்.

உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலி குடுக்கோம். மெஷின நிறுத்தச் சொன்னா அவங்க வயித்துல அடிக்கிற மாதிரில்லா ஆயிரும்?

கூலி முறையை மாற்றாமல் டின் கட்டுப்பாட்டை மட்டும் கொண்டுவந்தால் அப்படித்தான் ஆகும். இதைச் செய்யாதீர்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அவர் குவிக்கத்தான் செய்வார், அதற்குத்தானே பணம் கொடுக்கிறோம்.

கடந்த மூன்று மாதத்தில் ஒவ்வொருவரும் வாங்கிய சராசரி நாள் கூலியை முதலில் உறுதி செய்யுங்கள். அதற்குக் கீழே போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அதன்பின் அழுத்திய அப்பளத்துக்குப் பதிலாக, அன்று வாசல் தாண்டிய நல்ல பாக்கெட்டுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஊக்கத்தொகை வையுங்கள். மெஷினில் இருப்பவர் பேக்கிங்குக்குப் போவதில் அவருக்கே லாபம் வரும். இன்னொன்று: மேப் போட்டதால் மிச்சமான ஆளை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். ஒருவரை நிறுத்தினாலும் அடுத்த மேப்புக்கு உண்மை நேரம் கிடைக்காது. அவருக்கும் வீடு, பிள்ளை, பள்ளிக் கட்டணம் இருக்கிறது.

நல்ல ஆட்டோமேட்டிக் மெஷின் ஒண்ணு வாங்கிட்டா இதெல்லாம் தேவையில்லல்லா?

180 மணியில் 3 மணி வேலை என்ற கணக்கைத் திரும்பப் பாருங்கள். டாக்ட் நேரத்தைத் தாண்டும் பெட்டி இருந்தால், அதுவும் பழுதையும் நிற்கும் நேரத்தையும் குறைத்தபின்னும் தாண்டினால், அந்த இடத்துக்கு மெஷின் வாங்குங்கள். மற்ற இடத்தில் வாங்கினால் அடுத்த முக்கோணம்தான் பெரிதாகும், தவணையும் சேர்ந்துகொள்ளும்.

மூணு மாசம் நல்லா இருந்துச்சு. இப்பம் பழையபடி ஆயிட்டு. ஏன்?

மூன்று இடத்தில் பாருங்கள். முதலில் டின். மஞ்சள் பட்டை இல்லாத ஒன்பதாவது டின் எங்கிருந்தோ வந்திருக்கும். அவசரத்துக்கு என்று வந்தது திரும்பிப் போகாது. அடுத்து தகவல் பாதை. ஆர்டர் முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு வந்து, அவர் மெஷினுக்கு ஒன்றும் பேக்கிங்குக்கு வேறொன்றும் போனில் சொன்னால் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது. அன்றைய திட்டம் ஒரே இடத்துக்கு, பேக்கிங் பலகைக்கு மட்டும் போக வேண்டும். முந்தைய வேலைகள் காலி டின் சொல்வதைக் கேட்கட்டும். மூன்றாவது, மேப் பீரோவுக்குள் போயிருக்கும். அதைத் தண்ணீர்க் குடத்துக்கு மேலே சுவரில் ஒட்டி, வாரம் ஒருநாள் பத்து நிமிடம் நின்றபடியே முக்கோணங்களை மறுபடி எண்ணி எழுதுங்கள்.

இதுக்கு அரசாங்க உதவி ஏதும் உண்டுமா?

உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் எம்எஸ்எம்இ காம்பெட்டிட்டிவ் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதுவடிவில் தொடங்கப்பட்டது. பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என்று மூன்று படி. ஆலோசகர் வந்து வழிகாட்டும் செலவில் 90 சதவீதம் வரை அரசு ஏற்கும். உத்யம் என்னும் அரசுத் தொழில் பதிவு இருக்க வேண்டும். ஆலோசகர் வருவதற்கு முன் நீங்களே ஒரு மேப் போட்டு வைத்திருந்தால் அவருடைய நாட்கள் வீணாகாது.

எங்களது கேட், கிரில் பட்டறை. ஒரு வேல மாதிரி இன்னொண்ணு இருக்காது. எங்களுக்கு மேப் ஒத்து வருமா?

வேலை நேரம் வேறுபடும், பாதை அவ்வளவு வேறுபடாது: அளவு எடுப்பது, வெட்டுவது, வெல்டிங், கிரைண்டிங், பிரைமர், பெயின்ட், பொருத்துவது. கடைசியாக முடிந்த பத்து வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் எந்த இடத்துக்கு வந்தது, எந்தத் தேதியில் நகர்ந்தது என்று எழுதுங்கள். வெல்டிங் முடிந்து பெயின்டருக்குக் காத்துக் கிடப்பதும், வீட்டுக்காரர் டிசைன் முடிவு செய்யாமல் பாதியில் நிற்பதும் தேதியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, பட்டறைக்குள் திறந்து கிடக்கும் வேலைகளை எண்ணுங்கள். வாரத்துக்கு 3 வேலை முடிக்கும் பட்டறையில் 15 வேலை திறந்து கிடந்தால், இன்று வருபவருக்கு 5 வாரம் ஆகும். 6 மட்டும் திறந்தால் 2 வாரம். அட்வான்ஸ் வாங்கியதும் குழாயை வெட்டிப் போடும் வழக்கத்தை விடுங்கள். அட்வான்ஸை வாங்கிக்கொள்ளுங்கள், டிசைனும் அளவும் கையெழுத்தாகி, ஒரு பழைய வேலை வாசல் தாண்டியபின் புதியதன் குழாயை வெட்டுங்கள்.